பேனா ஏன் துள்ளியது

கல்யாணமான ஏழாவது மாதம் என் வீட்டுக்காரர் என்னைக் கொல்லிமலைக்கு அழைத்துக்கொண்டு போனார். முள்ளுக்குறிச்சி வரைக்கும் பஸ். அதற்கு மேல் அவரவர் கால். டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு மலைக்காரர் ஒருவர் முன்னால் போக, நான் பத்தடிக்கு ஒருதரம் உட்கார்ந்து, எங்கப்பாவைத் திட்டிக்கொண்டே ஏறினேன். மாப்பிள்ளைக்குச் சர்க்கார் உத்தியோகம், கரண்ட்டு எடுக்கிற வேலை என்று ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டவர் அவர். வந்து பார்த்தால் கரண்ட்டும் இல்லை, கம்பமும் இல்லை. ஓர் ஓடை இருந்தது. அதைத் தினம் போய்ப் பார்த்துவிட்டு வருவதுதான் உத்தியோகம்.

மலையிலிருந்து விழுகிற தண்ணீரை வைத்து மின்சாரம் எடுக்கலாமா என்று சர்க்கார் யோசித்துக்கொண்டிருந்த காலம் அது. யோசிப்பதற்கு முன்னால், வருஷம் பூராவும் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். அதற்காக, நாங்கள் குடியிருந்த பைல் நாடு என்கிற மலைப்பகுதியில் ஓர் ஓடையின் குறுக்கே இடுப்பளவு சிமெண்டுச் சுவர் கட்டி, நடுவில் ஓர் இரும்புத் தகட்டைப் பதித்திருந்தார்கள். தகட்டின் மேல்விளிம்பில் முக்கோணமாக ஒரு வெட்டு. ஓடைத் தண்ணீர் மொத்தமும் அந்த வெட்டு வழியாகத்தான் போயாக வேண்டும். வெட்டில் எத்தனை அங்குலம் தண்ணீர் நிற்கிறது என்று பார்த்தால், நிமிஷத்துக்கு எவ்வளவு போகிறது என்று ஓர் அட்டவணை சொல்லிவிடும்.

பக்கத்திலேயே சின்னக் கிணறு மாதிரி ஒரு தொட்டி. ஓடைக்கும் தொட்டிக்கும் அடியில் ஒரு குழாய். ஓடை ஏறினால் தொட்டியும் ஏறும். தொட்டியில் ஒரு மிதவை, மிதவையிலிருந்து ஒரு கம்பி, கம்பியின் மறுமுனையில் ஒரு பேனா. கடிகாரம் வைத்த உருளை ஒன்றில் கட்டம் போட்ட தாளைச் சுற்றியிருக்கும். உருளை ஏழு நாளில் ஒரு சுற்று சுற்றும். தண்ணீர் ஏறினால் பேனா ஏறும், இறங்கினால் இறங்கும். இது எல்லாவற்றையும் ஒரு தகரக் கொட்டகைக்குள் வைத்துப் பூட்டி, சாவியை என் வீட்டுக்காரர் எங்கள் வீட்டு ஆணியில் மாட்டியிருந்தார். காலை எட்டு மணிக்கும் மாலை நாலு மணிக்கும் போய், வெட்டில் நிற்கும் தண்ணீரைக் கண்ணாலும் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை தாளை மாற்றி, பழைய தாளைத் தபாலில் இராசிபுரம் ஆபீசுக்கு அனுப்ப வேண்டும்.

அந்தக் கருவியின்மேல் அவருக்கு இருந்த பிரியத்தைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாக வரும். சந்தைக்கு இறங்கினால் எனக்கு ஒரு முழம் பூ வாங்க மறப்பார். பேனாவுக்கு மை வாங்க மறந்ததே இல்லை. வேட்டி நுனியால் கண்ணாடியைத் துடைப்பார். கடிகாரத்துக்குக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "நல்லா ஓடுதுங்க சார்" என்று யாருமில்லாத கொட்டகையில் சொல்லுவார். ஆனால் அந்த மனிதரை எனக்குப் பிடித்துப்போனதும் அங்கேதான். யாரும் பார்க்காத இடத்தில் இத்தனை சுத்தமாக வேலை செய்கிறவரை நான் அதுவரை கண்டதில்லை.

மழைக்காலம் முழுக்கக் கோடு சொன்னபடி கேட்டது. மழை பெய்தால் ஏறும், விட்டால் மெல்ல இறங்கும். கார்த்திகையில் மழை ஓய்ந்து வானம் வெளுத்த பிறகுதான் வினை பிடித்தது. ஒரு சொட்டு மழை இல்லாத நாளில் பேனா திடீரென்று இரண்டு அங்குலம் எகிறும். அரை மணியில் இறங்கி, பழைய மட்டத்துக்கும் கீழே போய்க் கொஞ்ச நேரம் கிடக்கும். பிறகு ஒன்றும் நடக்காததுபோல் பழைய கோட்டுக்கு வந்துவிடும். ஒரு நாளைக்கு இரண்டு தரம், மூன்று தரம். சில நாள் ஐந்தாறு தரம்.

அவர் சோறு தண்ணி மறந்தார். முதலில் பேனா முள்ளை மாற்றினார். கடிகாரத்தைக் கழற்றி எண்ணெய் போட்டார். மிதவையில் ஓட்டை விழுந்து தண்ணீர் புகுந்திருக்குமோ என்று அதை வெளியே எடுத்துக் குலுக்கிப் பார்த்தார். காற்று ஆட்டுகிறதோ என்று கொட்டகையின் இடுக்குகளில் என் பழைய சேலையைக் கிழித்து அடைத்தார். அது பழைய சேலை இல்லை, அது வேறு கதை. தகட்டின் வெட்டில் சருகு சிக்கித் தண்ணீரைத் தடுக்கிறதோ என்று மணிக்கு ஒருதரம் இறங்கிப் போய்ப் பார்த்தார். அவர் எவ்வளவு அதிகம் போய்ப் பார்த்தாரோ, அவ்வளவு அதிகமாகப் பேனா துள்ளியது.

கடைசியில் தொட்டிக்கு அடியில் போகிற குழாய்க்குள் மூங்கில் குச்சியை விட்டுக் குடைந்தார். உள்ளேயிருந்து உள்ளங்கை அகலத்தில் ஒரு நண்டு வந்தது. அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. திருடனைப் பிடித்த போலீஸ்காரர் தோற்றார். நண்டைத் துண்டில் முடிந்து வீட்டுக்குக் கொண்டு வந்து, "இந்த நாய்தான் புள்ள, குழாயை அடைக்கறதும் திறக்கறதுமா இருந்திருக்குது" என்றார். அதை மிளகு தட்டிப் போட்டு ரசம் வைத்தேன். அடுத்த இரண்டு நாள் கோடு ஆடாமல் அசையாமல் போயிற்று. மூன்றாம் நாள் காலை எட்டேகாலுக்குப் பேனா மறுபடியும் எகிறியது. அவர் திரும்பி வந்து வாசப்படியில் உட்கார்ந்தார்.

அந்த வாரமே ஆபீசிலிருந்து கடுதாசி வந்தது. ஓடையின் அளவு நிலையற்றதாக இருக்கிறதாம். மழையில்லாத நாளில் தண்ணீர் ஏறி இறங்க இயற்கையான காரணம் எதுவும் தெரியவில்லையாம். பேனாவைக் கையால் அசைத்திருப்பதாகக் கருத இடம் உண்டாம். தை பிறந்ததும் இஞ்சினீயர் நேரில் வருவார், அவரிடம் சரியான விளக்கம் தராவிட்டால் வேலையிலிருந்து நீக்கப்படுவீர் என்று முடித்திருந்தார்கள். நிரந்தரமாகாத வேலை. போய்விட்டால் போனதுதான். வேலை போவதைவிட எதற்காகப் போனது என்று ஊரில் கேட்பார்களே, அதுதான் அவரை அரித்தது. வேலைக்குச் சோம்பிப் பொய்க்கோடு போட்டவன் என்ற பெயரோடு மலையிலிருந்து இறங்குவதா?

கவலையோ, கொசுவோ, மார்கழி நடுவில் அவருக்கு மலைக்காய்ச்சல் வந்து படுத்துவிட்டார். கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டே, "எட்டு மணி ஆயிருச்சா, எட்டு மணி ஆயிருச்சா" என்று பிதற்றினார். சாவியை எடுத்துக்கொண்டு நானே போனேன். பார்த்துப் பார்த்துப் பழகிய வேலைதானே. மூன்று நாள், காலையும் மாலையும், வெட்டில் தண்ணீர் பார்த்து நோட்டில் எழுதினேன். கொட்டகைக்குள் கோட்டையும் பார்த்தேன்.

மூன்று நாளும் கோடு நூல் பிடித்தமாதிரி நேராக இருந்தது.

முதல் நாள் சந்தோஷப்பட்டேன். இரண்டாம் நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் மாலை, கொட்டகைக் கதவைப் பூட்டிவிட்டு அங்கேயே நின்றுவிட்டேன். இவர் வந்தால் துள்ளுகிறது, நான் வந்தால் துள்ளவில்லை. கடுதாசியில் எழுதியிருந்தது நிஜமோ? ஏதோ ஒரு பதற்றத்தில் இவரே கையை வைத்துவிட்டு, அதை மறைக்க மறுபடியும் வைத்து, இப்படியே போய்விட்டதோ? எனக்கு மனசில் ஒன்றை வைத்துக்கொண்டு வெளியில் ஒன்று பேசத் தெரியாது. வீட்டுக்கு வந்ததும் கேட்டுவிட்டேன்.

"ஏனுங்க, நெசமாச் சொல்லுங்க. பேனாவை நீங்க தொட்டீங்களா?"

காய்ச்சல் விட்டு, கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். கிண்ணத்தைக் கீழே வைத்தார். கோபித்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன். அவர் கோபிக்கவில்லை. "இல்ல கண்ணு" என்றார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது.

மறுநாள் தாளை மாற்றும் நாள். எழுந்து போகத் தெம்பில்லாததால் என்னையே மாற்றிக் கொண்டுவரச் சொன்னார். தாளை விரித்தார். முதல் பாதியில் அவருடைய நாட்கள், மேடும் பள்ளமுமாக. பின்பாதியில் என்னுடைய மூன்று நாட்கள், தரைபோல. இதைப் பார்த்தால் ஆபீசில் வேறு சாட்சியே வேண்டாம்.

"இதை அனுப்பாதீங்க. ஓடையில விழுந்து நனைஞ்சு போச்சுன்னு எழுதிப்போடுங்க" என்றேன்.

"நனையலையே" என்றார்.

"அய்யோ, அது எனக்குத் தெரியாதுங்களா? இதைப் பாத்தா உங்களைத்தான் திருடனுங்குவாங்க."

அவர் தாளைக் கையால் நீவிவிட்டார். "இந்த மூணு நாள் நீ எடுத்த கணக்கு. என்னுதை விடச் சுத்தமா இருக்குது. இதைப் போயி எப்படிப் புள்ள கிழிக்கறது?" என்று சொல்லிவிட்டு, மடித்து உறையில் போட்டு, தபால்காரரிடம் கொடுத்தார்.

பேனாவைத் தொட்டவன் அந்தத் தாளை அனுப்ப மாட்டான். என் சந்தேகம் அந்த நிமிஷமே செத்தது. என்ன காரணம் என்று எங்களுக்கு அப்போதும் தெரியாது. ஆனால் இவர் இல்லை என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. திமிர்தான், வேறென்ன.

இரண்டு நாள் கழித்து, நடக்கிறேன் என்று அடம்பிடித்துக் கிளம்பினார். நானும் கூடப் போனேன். ஓடைக்கு இறங்கும் சரிவில் பாதி வழியில் மூச்சு வாங்கி ஒரு பாறைமேல் உட்கார்ந்துவிட்டார். கொட்டகைச் சாவி என் இடுப்பில். நான் முன்னால் போய் ஓடைச் சுவர்மேல் நின்றேன். குனிந்து வெட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் ஏறியது. என் கண்முன்னால், ஒன்று, ஒன்றரை, இரண்டு அங்குலம். தெளிவாக இருந்த ஓடை கலங்கலாக வந்தது. கலங்கலில் வைக்கோல் தும்பு மிதந்தது. கொட்டகை பூட்டிக் கிடக்கிறது, அவர் அங்கே பாறைமேல் உட்கார்ந்திருக்கிறார். பேனா பொய் சொல்லவில்லை. தண்ணீரே நிஜமாக ஏறுகிறது!

நான் போட்ட சத்தத்தில் அவர் பயந்து எழுந்துவிட்டார். நான் நிற்கவில்லை. கலங்கல் வரும் பக்கமாகவே ஓடைக்கரையில் மேலே ஓடினேன். கூப்பிடு தூரம்தான். அங்கே பள்ளத்தில் இரண்டு நெல் வயல். வயல்காரர் கையில் மண்வெட்டியோடு நிற்கிறார். வரப்பை வெட்டி மடையைத் திறந்துவிட்டிருக்கிறார். வயலில் தேங்கிய தண்ணீர் மொத்தமும் ஓடையில் கொட்டுகிறது. அவர் சம்சாரம் கரையில் நின்று, மரத்துக்கு இடையில் எங்கள் சரிவுப் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த அக்கா வாரத்துக்கு ஒருதரம் எங்களுக்கு மரவள்ளிக்கிழங்கு கொண்டுவந்து கொடுக்கும், நல்ல பழக்கம்.

"அக்கா, என்னக்கா பண்றீங்க?" என்று கேட்டேன். அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது.

அது கொஞ்சமும் அலட்டிக்கொள்ளவில்லை. "அய்யா வாறாருல்ல சாமி, அதான் தண்ணி உடறோம்" என்றது.

விஷயம் இதுதான். ஐப்பசியில் அந்த வயல்காரருக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. இவர் தன் பெட்டியிலிருந்த மாத்திரையை எடுத்துக்கொண்டு மூன்று நாள் போய், அவரை விழுங்க வைத்துவிட்டு வந்தார். அதற்குப் பதில் மரியாதை செய்ய வேண்டுமே. நல்ல மனுஷர் எதிரே வரும்போது வெறுங்குடத்தைக் காட்டக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். குடம் காலியாக இருந்தால் புதருக்குப் பின்னால் ஒதுங்கி நின்று, அவர் போன பிறகுதான் பாதைக்கு வருவார்கள். இவரோ தினமும் ஓடையில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பதற்கென்றே வருகிறவர். மழை ஓய்ந்து ஓடை இளைத்துவிட்டது. இளைத்த ஓடையை இவர் கண்ணில் காட்டலாமா? வெள்ளைச் சட்டை சரிவில் தெரிந்ததும் மடையைத் திறந்துவிட்டார்கள். தண்ணீர் வந்து சேர்வதற்குள் இவர் வெட்டைப் பார்த்து எழுதிவிட்டுக் கொட்டகைக்குள் போயிருப்பார், ஏறியது பேனாவில்தான் தெரியும். அவர் போனதும் அடைத்துவிட்டு, ஓடையை வயலுக்குத் திருப்பி மறுபடி நிரப்பிக்கொண்டார்கள். மேடும் அவர்களுடையது, பள்ளமும் அவர்களுடையது. நண்டு பிடித்த பிறகு கோடு நேராகப் போன இரண்டு நாளும் அவர்கள் மிளகு மூட்டையோடு முள்ளுக்குறிச்சிக்கு இறங்கியிருந்தார்களாம்.

"அப்ப நான் மூணு நாள் வந்தனே? எனக்கு ஏன் திறக்கல?" என்று கேட்டேன். இந்த நேரத்திலும் எனக்கு அது உறுத்தியது, பாருங்கள்.

"உனக்கு எதுக்கு கண்ணு மருவாதி? நீ எங்கூட்டுப் புள்ளையாட்டம்" என்றது அக்கா.

அதற்குள் அவர் மூச்சிரைக்க வந்து சேர்ந்திருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வரப்பிலேயே உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்ததும் முகம் மாறியது. "இதை இஞ்சினீயர்கிட்டச் சொல்லக் கூடாது" என்றார். அந்த இரண்டு வயலும் ஓடைப் புறம்போக்கு, பட்டா கிடையாது. சர்க்கார் அளக்கிற ஓடையில் கை வைத்தார்கள் என்று எழுதினால் வயல் போய்விடும். மிதவை சிக்கிக்கொண்டது என்று சொல்லிக்கொள்ளலாம் என்றார். இனிமேல் மடையைத் திறக்க மாட்டோம் என்று அவர்களிடம் சத்தியம் வாங்கினார். வெளியில் சொல்ல மாட்டேன் என்று என்னிடமும் வாங்கினார். வீடு வரும்வரை சண்டை போட்டேன். "ஊருக்கு நல்லவரா இருந்து நீங்க திருடன் பட்டம் வாங்கணுமா?" என்றேன். அவர் கேட்கிற ஆளாக இருந்தால்தானே.

தை மூன்றாம் வாரம் இஞ்சினீயர் ஏறி வந்தார். பட்டணத்துக்காரர், பருமனான உடம்பு, ஏறிய களைப்பே பாதிக் கோபமாகியிருந்தது. நேராகக் கொட்டகைக்குப் போனார். பையிலிருந்து பழைய தாள்களை எடுத்துப் பாறைமேல் பரப்பினார். கருவியைப் பிரித்துப் பார்த்தார், குழாயைக் குடைந்தார், மிதவையைத் தூக்கித் தூக்கி விட்டார். எல்லாம் சரியாக இருந்தது. நாங்கள் அங்கே நின்ற ஒரு மணி நேரமும் கோடு நேராக ஓடியது.

"மிதவை சிக்கிச்சுன்னு சொல்றீங்க. எங்கய்யா சிக்குது? எண்ணெய் விட்ட மாதிரி ஓடுதே" என்றார். பிறகு அந்தத் தாளை எடுத்தார். "இந்த மூணு நாளை யார் எடுத்தது?"

"நானுங்க" என்றேன்.

"உங்க சம்சாரம் வந்தா நேரா இருக்கு, நான் வந்தா நேரா இருக்கு. நீங்க மட்டும் வந்தா குதிக்குது. நான் என்னய்யா எழுதட்டும்?"

என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்து நின்றார். எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சத்தியமாவது ஒன்றாவது என்று வாயைத் திறந்தேன். அதற்குள் மேலேயிருந்து அக்கா இறங்கி வந்தது. பின்னாலேயே மண்வெட்டியோடு அதன் புருஷன். அவர்களுக்குக் கேட்டிருக்கிறது. பட்டணத்துக்காரர் மெதுவாகப் பேசுகிற ரகமில்லை.

"ஏனுங்க, அந்தப் புண்ணியவானை எதுக்கு வையறீங்க? தண்ணி உட்டது நாங்க" என்றது அக்கா. மாத்திரையிலிருந்து மடைவரைக்கும் ஒன்று விடாமல் சொன்னது. என் வீட்டுக்காரர் வேண்டாம் வேண்டாம் என்று கையைக் காட்டிக்கொண்டே நின்றார். அதன் புருஷன் திரும்பிப் போய் மடையை வெட்டிவிட்டார். கொஞ்ச நேரத்தில் வெட்டில் கலங்கல் வந்தது. கொட்டகைக்குள் யாரும் தொடாமல் பேனா நிதானமாக இரண்டு அங்குலம் ஏறியது. இஞ்சினீயர் குனிந்து, கடைசிவரை அது ஏறுவதைப் பார்த்தார்.

நிமிர்ந்தபோது அவர் கேட்டது எங்களில் யாரும் எதிர்பாராத கேள்வி. "சரிம்மா. இவருக்கே இத்தனை மரியாதைன்னா, நான் இவருக்கு மேலதிகாரி. மலை ஏறி வந்திருக்கேன். எனக்கு ஏன் திறக்கலை?"

அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தது. "உங்களை எங்களுக்குத் தெரியாதுங்களே" என்றது.

இஞ்சினீயர் பாறைமேல் கிடந்த தாள்களை மறுபடி ஒருதரம் பார்த்தார். பிறகு தாளின் ஓரத்தில் எழுதினார். பக்கத்தில் நின்று படித்தேன். கருவியில் பழுதில்லை, பதிவு எடுப்பவரிடமும் பழுதில்லை, மேல்பக்க வரப்பு அவ்வப்போது உடைந்ததால் வந்த ஏற்ற இறக்கம், இப்போது சரிசெய்யப்பட்டது. உடைந்தது என்றுதான் எழுதினார், உடைத்தார்கள் என்று எழுதவில்லை. வயலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு, குடிக்கத் தண்ணீர் கேட்டார். அந்த மனிதரை அதுவரை நான் மனசுக்குள் திட்டியதெல்லாம் வீண்.

அன்று சாயங்காலம் அடுப்பு பற்றவைக்கும்போது, திமிரை ஒருவழியாக விழுங்கிவிட்டு அவர் எதிரில் போய் உட்கார்ந்தேன். "உங்களைச் சந்தேகப்பட்டது தப்புங்க. என்னை மன்னிச்சுக்குங்க" என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

அவர் நெளிந்தார். தரையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். "அதுக்கு ஏம்புள்ள அழுவற? நானும் ஒண்ணு சொல்லணும்" என்றார். "நண்டு பிடிக்கறதுக்கு முந்தி, நான் உன்னையத்தான் சந்தேகப்பட்டேன். தொட்டித் தண்ணி தெளிவா இருக்குதேன்னு நீ சாவியெடுத்துட்டுப் போயிக் குடத்தை முக்கி மொண்டு துணி துவைக்கறியோன்னு. முக்கினா ஏறும், மொண்டா எறங்குமில்ல. ரெண்டு நாள் மத்தியானம் பாதையில வராம, புதருக்குள்ளயே ஒளிஞ்சு எறங்கி உக்காந்து பாத்தேன்."

"அப்புறம்?"

"நான் ஒளிஞ்சிருந்த நேரம் பூரா கோடு நேரா இருந்துச்சு. நீ என்னைப் பாத்துட்டு உஷாராயிட்டேன்னு முடிவே பண்ணிட்டேன்."

எனக்கு அழுகை நின்றுவிட்டது. இரண்டு நாள், சர்க்கார் உத்தியோகஸ்தர், முள்ளுக்குள் குத்துக்காலிட்டு, பெண்டாட்டி குடத்தோடு வருகிறாளா என்று பார்த்துக்கொண்டு! "அப்பவே கேட்டிருக்கலாமில்ல?" என்று கத்தினேன். "கேட்டா நீ மனசு நோவியேன்னு கேக்கல" என்றார். நான் அவரிடம் கேட்டுவிட்டேன். அவர் நம்பாமல் இருந்தபோதும் என்னிடம் கேட்கவில்லை. இரண்டில் எது பெரிய தப்பு என்று அன்றைக்குச் சாமைச்சோறு அடிப்பிடிக்கும்வரை சண்டை போட்டோம்.